கல்யாண மண்டபத்தில் கோஷம் அத்தை

நீடாமங்கலம் பக்கம் மைக் செட் வியாபாரம் படுத்துப் போனதற்கு ஒரே காரணம், எங்கள் தெரு கோஷம் அத்தைதான். அவர் வாயைத் திறந்தால் அடுத்த ஊர் மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும். கூலி உயர்வு ஊர்வலமோ, ஆற்றில் தண்ணீர் வரவில்லை என்று மறியலோ, முதல் குரல் அவருடையது. ஆட்சிகள் மாறி மாறி வந்தன. அத்தை எப்போதும் எதிர்க்கட்சி. அவருடைய நிஜப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டுமே தெரியும்.

அவருக்கு ஒரே சட்டம். எங்கே பேசப் போனாலும் தெருவே சேர்ந்து போக வேண்டும். பண்ணையார் களத்தில் கூலி கேட்கக் கூட்டமாகப் போன காலத்தில் படிந்த பழக்கம் அது. தனியாகப் போகிறவன் தலையாட்டிவிட்டுத்தான் திரும்புவான் என்பார். அவருக்குப் பல் வலி வந்தபோதும் தெருவில் பாதி டாக்டர் அறைக்குள் நின்றது. மிரண்டு போன டாக்டர் நல்ல பல்லைப் பிடுங்கிவிட்டார்.

நான் பிளஸ் டூ முடித்த வருஷம், திருப்பூர் பனியன் கம்பெனி ஏஜென்ட் எங்கள் வீட்டுக்கு வந்து போனார். அதே வாரம் தஞ்சாவூர்க் கல்யாண மண்டபம் ஒன்றில் கல்விக் கண்காட்சி என்று நோட்டீஸும் வந்தது. அங்கே ஒரு காலேஜ் அமைந்தால் படிப்பு, இல்லையென்றால் திங்கட்கிழமை திருப்பூர் வேன் என்று அப்பா சொல்லிவிட்டார். எனக்குச் சோறு இறங்கவில்லை. அத்தைக்கு விஷயம் எட்டியது.

"காலேஜ்காரங்க பேச்சுவார்த்தைக்கு வர்றாங்களா? அப்ப எல்லாரும்தான் போவணும்" என்றார்.

பஸ்ஸில் பாதி எங்கள் தெருவாக இருந்தது. மண்டபத்தில் வரிசையாக மேஜைகள், மேஜைக்குப் பின்னால் டை கட்டியவர்கள், முன்னால் இரண்டே நாற்காலிகள். பெண்ணும் அப்பாவும் உட்காரலாம், மற்றவர்கள் தள்ளி நிற்கட்டும் என்றார் முதல் மேஜைக்காரர். அத்தை இடுப்பில் கை வைத்தார்.

"எல்லாருக்கும் நாற்காலி போடுங்க. இல்லேன்னா நீங்களும் கீழ வந்து உக்காருங்க. களத்துல நின்னு கேட்டு நின்னு கேட்டே எங்கம்மா செத்தா. நான் நின்னு கேக்க மாட்டேன்."

சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். தெருவும் உட்கார்ந்தது. எனக்கு மானம் போயிற்று.

மேஜைக்கு மேஜை இதே கதை. உட்கார்ந்ததும் அத்தை கேட்கும் முதல் கேள்வி, ஹாஸ்டலில் என்ன அரிசி என்பது. ஒருவர் பெருமையாக பாஸ்மதி என்றார். தஞ்சாவூருக்கே வந்து பாஸ்மதி விற்கிறவன் படிப்பில் என்னென்ன கலப்பானோ என்று அத்தை அந்தக் காலேஜையே தள்ளிவிட்டார். இன்னொருவர் வாட்ச்மேனைக் கூப்பிட்டார். மத்தியானம் தாண்டியும் எதுவும் படியவில்லை. அப்பா செருப்பைத் தேட ஆரம்பித்தார். எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. அத்தையை வாழ்நாளுக்கும் மன்னிப்பதில்லை என்று முடிவு செய்தேன்.

சமையல்கட்டு ஓரத்தில் கடைசியாக ஒரு மேஜை. பெண்கள் கல்லூரி ஒன்றின் டீச்சர், நூல் புடவையில், காலையிலிருந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் போனதும் நாற்காலியைத் தள்ளிவிட்டு வந்து, எங்களோடு தரையில் சம்மணம் போட்டார்.

"ரேஷன் அரிசிதாங்க. சில நாள் குழைஞ்சிடும்" என்றார், கேட்பதற்கு முன்பே.

அத்தை முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்லை. பிறகு தெருவே கேட்டது. ஸ்காலர்ஷிப் உண்டா, கடைசி பஸ் எத்தனை மணிக்கு, பெண் அழுதால் யார் கவனிப்பார்கள் என்று நின்றுகொண்டு கேட்கக் கூசுகிற எல்லாவற்றையும் உட்கார்ந்து கேட்டார்கள். டீச்சர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். ஸ்காலர்ஷிப்பிலேயே படிப்பும் ஹாஸ்டலும் நடந்துவிடும் என்று தெரிந்தபோது அப்பா கையில் எடுத்திருந்த செருப்பைக் கீழே விட்டார். திங்கட்கிழமை வேன் நான் இல்லாமல் போயிற்று.

ஹாஸ்டலில் கொண்டுவிட, சட்டப்படி, தெருவே வந்தது. வாசலில் மட்டும் கோஷம் போட வேண்டாம் என்று பஸ்ஸில் வழிநெடுகக் கெஞ்சியிருந்தேன். அத்தை கேட்கிற ஆளா? கேட் முன்னால் முஷ்டியை உயர்த்தினார், வாயைத் திறந்தார். குரல் வரவில்லை. தூசி என்று தொண்டையைத் தடவினார். காலையிலிருந்து நல்ல மழை.

உயர்ந்த கை அப்படியே நின்றது. அதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா நிற்க முடியவில்லை. முதல் கோஷத்தை நானே போட்டேன்.