இடுப்பு நிறைய ரொக்கம்

இந்தப் பயணத்தில் பணம் என் கையில்தான் இருக்கும். என்னைக் கேட்காமல் ஒரு காசு நகராது. நகர்ந்தால் நான் மனிதனே இல்லை!

நடுக்கூடத்தில் நின்று, கையை ஓங்கி, தொண்டை நரம்பு புடைக்க இப்படி ஒரு சபதம் செய்தேன். என் மனைவி தைத்துக்கொண்டிருந்தாள். தையல் மிஷின் மட்டும் ஒரு நொடி நின்று, பிறகு ஓடியது. அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த அதிகபட்ச மரியாதை அதுதான்.

நான் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். ஊரில் பாதிப் பேருக்கு பவர் எழுதிக் கொடுத்தவன். வீட்டில் எனக்கு எந்தப் பவரும் இல்லை என்பது கடைக்கு வருகிறவர்களுக்குத் தெரியாது. அதிக லென்ஸ் விற்ற கடை என்று கம்பெனிக்காரன் எங்களைத் தேர்ந்தெடுத்து, தம்பதியாக ஒரு வாரம் வெளிநாடு போய்வர டிக்கெட்டும் தங்குமிடமும் கொடுத்தான். ஃபோனில் செய்தி சொன்ன பெண் கடைசியில் இழுத்தாள்:

"சாப்பாடு, சுத்திப் பார்க்கறது மட்டும் உங்க செலவு சார்."

மட்டுமாம்! வெளிநாடு போனால் வேறு என்ன செலவு இருக்கிறது? மூச்சு விடுவதற்கா? என் கோபம் அங்கே தொடங்கியது. இன்னும் இறங்கவில்லை.

"பணத்தை எப்படிக் கொண்டு போறதா உத்தேசம்?" என்றாள் மனைவி, ஊசியில் நூல் கோர்த்தபடி.

"நீ என்ன சொல்ற?"

"கார்டுதாங்க வசதி."

"கார்டா! அது தமிழ்ல என்ன தெரியுமா?"

"அட்டை."

"ஏன் அந்தப் பேர் வெச்சான்? ஒட்டிக்கிட்டு ரத்தத்தை உறிஞ்சும், அதனாலதான்! என் பணத்தை நான் எடுக்க ஒரு கட்டணம். எடுத்ததை மாத்த ஒரு கட்டணம். ஏன்டா கட்டணம்னு கேட்டா அதுக்கும் ஒரு கட்டணம் போடுவான்!"

"அட்டை கடிச்சா உப்பு வெச்சா விட்டுடும். நான் வேணா ஒரு பாக்கெட் உப்பு எடுத்துக்கறேன்."

"நக்கலா? முடிவு பண்ணிட்டேன். ரொக்கம். முழுசும் ரொக்கம்!"

"வேண்டாங்க. கார்டு எடுத்துக்கங்க. நான் சொன்னா கேளுங்க."

நான் சொன்னா கேளுங்க! திருமணமான நாளிலிருந்து அந்த மூன்று வார்த்தையைக் கேட்டால் எனக்கு உடம்பெல்லாம் மிளகாய் அரைத்துப் பூசியது போல இருக்கும். கேட்கவே மாட்டேன் என்றேன்.

மாலையில் எதிர்வீட்டுக்காரர் வந்தார். வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் யாருக்கும் அவர் பெயர் தெரியாது. எல்லோருக்கும் பேங்க்கார்தான். யார் அழைத்ததென்று தெரியவில்லை. சட்டமாக உட்கார்ந்தார்.

"எல்லாத்தையும் ஒரே இடத்துல வைக்காதீங்க சார். கைச்செலவுக்குக் கொஞ்சமா ரொக்கம். மத்ததுக்கு ஒரு டிராவல் கார்டு. கிளம்பறதுக்கு முன்னாடியே அந்த நாட்டுப் பணமா அதுல ஏத்தி வெச்சுக்கலாம். ஆபத்துக்கு ஒரு கிரெடிட் கார்டு. ஒண்ணு தொலைஞ்சாலும் இன்னொண்ணு கைகொடுக்கும். அப்புறம் முக்கியமா, கடையில மிஷின் கேக்கும், உங்க ஊர்ப் பணத்துல கழிக்கவான்னு. வேண்டாம், இந்த ஊர்ப் பணத்துலயே கழின்னு அமுக்குங்க. இல்லேன்னா அவன் வெச்சதுதான் விலை."

"சார், நீங்க ரிட்டயர் ஆகிட்டீங்க. பேங்க்குக்கு ஆள் பிடிக்கற வேலையிலேருந்தும் ரிட்டயர் ஆகிடுங்க."

"நல்லதுக்குச் சொன்னேன்."

"எனக்கு நல்லது சொல்ல வீட்டுக்குள்ளேயே ஆள் இருக்கு. வெளியாள் எடுக்கறதில்லை!"

அவருக்குக் கோபம் வரவில்லை. சிரித்தார். என் மனைவி அவருக்கு இரண்டாவது முறை காபி கொண்டுவந்தாள். எனக்கு முதல் காபியே வரவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். எனக்குக் கோபம்தான் வந்தது.

மறுநாள் பணம் மாற்றும் கடைக்குப் போனேன். கண்ணாடிக் கூண்டுக்குள் ஒருவன். பலகையில் ஒரே நோட்டுக்கு இரண்டு விலை எழுதியிருந்தது.

"இது என்னப்பா, ரெண்டு விலை?"

"அது வாங்கற விலை சார். இது விக்கற விலை."

"நோட்டு ஒண்ணுதானே?"

"ஒண்ணுதான் சார். நாங்க வாங்கறப்ப குறையும், விக்கறப்ப ஏறும்."

"அப்ப நான் என்ன பண்ணினாலும் எனக்கு நஷ்டமா?"

"அதுதான் சார் எங்க தொழில்."

இவ்வளவு நேர்மையாக ஒருவன் என் வயிற்றில் அடித்ததில்லை. திட்ட வாய் வரவில்லை. "சில்லறையும் கொஞ்சம் வாங்கிக்கங்க சார்" என்றான். அதற்குச் சேர்த்துத் திட்டினேன். இருப்பதிலேயே பெரிய நோட்டாகப் பார்த்து வாங்கினேன். இடுப்பில் கட்ட வசதி.

இடுப்பில் கட்ட என் மனைவி பட்டை தைத்துக் கொடுத்தாள். உள்ளே மெத்தென்று துணி வைத்து, ஜிப் வைத்து, வியர்வை படாமல் ரப்பர் துணி வைத்து, அளவெடுத்துத் தைத்தாள். எனக்கு ஒரு சட்டைப் பித்தான் தைத்துத் தர மாதக் கணக்கில் இழுத்தடிப்பவள்.

"தோத்துட்டேங்க. நீங்க சொன்னதே நடக்கட்டும்" என்றாள். குரலில் அப்படி ஒரு சோகம். நான் அகம் குளிர்ந்து இடுப்பை இறுக்கினேன்.

விமான நிலையச் சோதனையில் கருவி என் இடுப்பருகே வந்ததும் வீல் என்று கத்தியது. ஜிப்பின் வேலை. அதிகாரி கேட்டார்:

"உள்ளே என்ன?"

"ரகசியமா சொல்லலாமா?"

"சத்தமா சொல்லுங்க."

சொன்னேன். சட்டையைத் தூக்கச் சொன்னார். தூக்கினேன். பின்னால் நின்ற வரிசை முழுக்க எட்டிப் பார்த்தது. ஒரு குழந்தையைத் தூக்கிக் காட்டினார்கள். ரகசியப் பட்டையின் ரகசியம் சொந்த ஊரைத் தாண்டவில்லை.

போய் இறங்கினோம். முதலில் பஸ். பெரிய நோட்டை நீட்டினேன். ஓட்டுநர் கண்ணாடியில் ஒட்டியிருந்த படத்தைக் காட்டினார். ஒரு நோட்டு, அதன்மேல் குறுக்கே சிவப்புக் கோடு. எனக்குப் பின்னாலிருந்து ஒரு கை நீண்டு இயந்திரத்தில் எதையோ ஒற்றியது. டிக். இரண்டு டிக்கெட். மனைவியின் கை.

திரும்பி முறைத்தேன். அவள் ஜன்னல் பக்கம் மரம் பார்த்தாள்.

அடுத்தது காபிக் கடை. பசி. ரொட்டியும் காபியும் கேட்டுவிட்டு, சட்டையைத் தூக்கி ஜிப்பைத் திறந்தேன். கல்லாவில் இருந்த பெண் ஓரடி பின்வாங்கினாள். நோட்டைப் பார்த்த பிறகு, "நோ கேஷ்" என்றாள்.

"உன்கிட்ட இல்லேன்னா என்னம்மா, என்கிட்ட இருக்கு!" என்றேன்.

"அவங்ககிட்ட இல்லேன்னு சொல்லலைங்க. வாங்க மாட்டாங்களாம்" என்றாள் மனைவி. டிக்.

காபி வந்தது. குடிக்காமல் கேட்டேன்:

"அது ஏது?"

"எது?"

"டிக்குன்னு வெச்சியே, அது!"

"டிராவல் கார்டு. என் தையல் காசு. பேங்க்கார அண்ணன் கூட வந்து ஏத்திக் குடுத்தாரு."

"என்னைக் கேட்காமலா?"

"கேட்டேனே. கார்டு எடுத்துக்கலாம்னு. நீங்க வேண்டாம்னீங்க. உங்களுக்கு வேண்டாம்னு நினைச்சேன்."

பல்லைக் கடித்தேன். அவள் தணிந்த குரலில், "கோவப்படாதீங்க. எங்க கார்டு கேட்டாலும் நான் குடுத்துடறேன். நீங்க எனக்கு அதை ரொக்கமாத் திருப்பிடுங்க" என்றாள்.

நியாயமாகப் பட்டது. ஒரு பெரிய நோட்டை நீட்டினேன். வாங்கிக் கைப்பையில் போட்டு மூடினாள்.

"மீதி?"

"சில்லறை ஏதுங்க? நாளைக்குச் செலவுல கழிச்சுக்கலாம். அப்புறம், மாத்திக் குடுக்கறதுக்குன்னு கொஞ்சம் மேல போட்டுக் குடுத்துடுங்க."

"என்னது! கட்டின புருஷன்கிட்ட கமிஷனா?"

"பேங்க்ல கேட்டா குடுப்பாங்கதானே?"

"அதனாலதானே நான் பேங்க்குக்கே போகலை!"

"அதனாலதான் பேங்க் உங்ககூடவே வந்திருக்கு. காபி ஆறுது, குடிங்க."

அன்றிலிருந்து அந்த ஊரில் என் கதி இதுதான். ரயிலில் டிக். படகில் டிக். கழிப்பறை வாசலில் கூட டிக். மனிதன் அவசரத்தில் நிற்கும்போது கூட ஈவு இரக்கமில்லாத டிக். ஒவ்வொரு டிக்குக்கும் என் இடுப்பு இளைத்தது, அவள் கைப்பை கொழுத்தது. வெளியே பார்த்தால் பணக்காரன். ஜிப்புக்கு ஒரு சாண் மேலே வயிறு காலி. அவளைக் கேட்டால் கிடைக்கும். கேட்க மானம் விடவில்லை.

ஒரு நாள் பொறுக்கவில்லை. அவளிடம் சொல்லாமல் சந்து சந்தாக அலைந்து, ரொக்கம் வாங்கும் ஒரு ரொட்டிக் கடையைக் கண்டுபிடித்தேன். ஒரு ரொட்டி எடுத்து நோட்டை நீட்டினேன். கடைக்காரர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தலையை ஆட்டினார். இதற்குச் சில்லறை இல்லையாம்.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "சில்லறை வேண்டாம்யா! இதுக்கு எவ்வளவு ரொட்டி வருமோ அவ்வளவையும் கட்டு!" என்று தமிழிலேயே கத்தினேன். கோபத்துக்கு மொழி கிடையாது. அவருக்குப் புரிந்துவிட்டது. கட்டினார்.

இரண்டு மூட்டை ரொட்டியைச் சுமந்துகொண்டு அறைக்கு வந்தேன். மனைவி ஒரு ரொட்டியைத் தட்டிப் பார்த்தாள். கதவைத் தட்டுவது போல சத்தம் வந்தது. அன்றும் மறுநாளும் நான் அதையே தின்றேன். அவள் கீழே போய் சூடாக சூப் குடித்துவிட்டு வந்தாள்.

ஊர் திரும்புவதற்கு முதல் நாள், விடிந்ததும் எழுப்பினாள். "வாங்க, ஒரு சந்தை இருக்காம். சும்மா பார்த்துட்டு வரலாம்."

பெரிய திடல். வரிசை வரிசையாக மேஜைகள். பழைய விளக்கு, பழைய கடிகாரம், பழைய புகைப்படச் சட்டம். ஒவ்வொரு மேஜையிலும் கையால் எழுதிய ஓர் அட்டை. படித்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தேன். ரொக்கம் மட்டும்!

"பாத்தியா! பாத்தியா! இங்க டிக்குன்னு வையேன் பார்க்கலாம்!" குதித்தேன். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஆமாங்க. நீங்க சொன்னதுதான் சரி" என்றாள். வாழ்க்கையில் முதல் தடவை.

அந்த வார்த்தையிலேயே நான் மயங்கி நிற்க, அவள் வலப்பக்கம் இடப்பக்கம் பார்க்காமல் திடலின் கோடியில் இருந்த ஒரு மேஜைக்கு நேராக நடந்தாள். மூடிவிட்ட ஏதோ பெரிய தையல் நிறுவனத்தின் சரக்கு. சுருள் சுருளாகப் பழைய லேஸ். பெட்டி பெட்டியாகக் கண்ணாடிப் பித்தான்கள், வெயில் பட்டு மினுமினுத்தன. அவள் ஒவ்வொன்றையும் விரலால் தடவிப் பார்த்த விதத்தைச் சொல்ல வேண்டும். என்னை ஒருநாளும் அப்படித் தொட்டதில்லை. பேரம் பேசினாள். பாஷை தெரியாமலேயே பாதி விலைக்கு இறக்கினாள். கைப்பையைத் திறந்தாள். என் நோட்டுகள் வரிசையாக வெளியே வந்தன.

"இன்னும் கொஞ்சம் குறையுது. இடுப்புல எவ்வளவு இருக்கு?"

வெற்றிக் களிப்பில் பட்டையையே அவிழ்த்துக் கொடுத்துவிட்டேன்! மேஜைக்காரர் எண்ணி வாங்கி, கடைசிச் சுருளையும் கட்டிய பிறகுதான் எனக்கு மூளை வேலை செய்தது.

"இரு. இந்தச் சந்தை இருக்கறது உனக்கு எப்பத் தெரியும்?"

"டிக்கெட் வந்த அன்னிக்கே. வீடியோல பார்த்தேன். மேஜைக்காரர் கிட்ட ஃபோன்லயே மொழிபெயர்த்து எழுதியும் கேட்டுட்டேன், சரக்கு இருக்குன்னாரு."

"ரொக்கம்தான் வாங்குவான்னும் தெரியுமா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன்டி வீட்ல கார்டு கார்டுன்னு உயிரை எடுத்த?"

அவள் லேஸ் சுருளை மார்போடு அணைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "லேஸ் வாங்கணும், ரொக்கம் வேணும்னு கேட்டிருந்தா நீங்க என்ன சொல்லியிருப்பீங்க?"

சொல்லியிருப்பேன். நாலு தெரு கேட்கச் சொல்லியிருப்பேன்.

"என் கார்டுல இருந்த காசு இதுக்குப் பத்தாதுங்க. பேங்க்கார அண்ணன்தான் வழி சொன்னாரு. 'நான் வந்து கார்டுக்கு ஆதரவா நாலு வார்த்தை பேசறேம்மா. அப்புறம் சார் கார்டு இருக்கற பக்கம் தலைவெச்சுப் படுக்க மாட்டாரு'ன்னாரு."

அதற்குத்தான் இரண்டு காபி! கத்தினேன். என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது. பக்கத்து மேஜையில் ஒரு பழைய கடிகாரம் ஓட ஆரம்பித்தது என்று மட்டும் நினைவு.

ஆனால் ஒன்று. இதுவரை உங்களிடமும் மறைத்துவிட்டேன். கிளம்புவதற்கு முன் நான் யாருக்கும் தெரியாமல், பேங்க்கார் கண்ணில் படாத ஒரு கிளையாகப் பார்த்துப் போய், என் கிரெடிட் கார்டை வெளிநாட்டில் வேலை செய்யும்படி மாற்றி வாங்கி, ஷூவுக்குள் ஒளித்து வைத்திருந்தேன். பயம்தான். வெளியே எடுத்தால் தோற்றதாகிவிடும். அதனால் கல் ரொட்டி தின்றபோதும் எடுக்கவில்லை. அது ஒன்றுதான் அவளுக்குத் தெரியாத என் சொத்து. அந்த நினைப்பில்தான் கோபத்தை விழுங்கிக்கொண்டு விமான நிலையம் வரை வந்தேன்.

அங்கே எடை பார்க்கும் மேடையில் எங்கள் பெட்டியை வைத்தார்கள். லேஸும் பித்தானும். முள் துள்ளி ஏறியது. கூடுதல் எடைக்குக் கட்டணம், கார்டில் மட்டும் என்றாள் கவுன்டரில் இருந்த பெண். என் மனைவி தன் கார்டை ஒற்றினாள். டிக் வரவில்லை. மறுபடி ஒற்றினாள். வரவில்லை. காலி!

ஆகா! ஒரு வாரம் கழித்து எனக்கு ஒரு நல்ல நிமிடம். கையைக் கட்டிக்கொண்டு, முகத்தைக் கூரைப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றேன். கெஞ்சட்டும். "நீங்க சொன்னா சரி" என்று நூறு தடவை சொல்லட்டும். அதற்குப் பிறகும் யோசிப்பேன்.

"இப்ப என்னம்மா பண்ணப் போற?" என்றேன்.

அவள் பதற்றமே இல்லாமல் கைப்பையை மூடினாள்.

"வரிசை நிக்குது பாருங்க. சீக்கிரம் அந்த இடது கால் ஷூவைக் கழட்டுங்க."