நூற்று நாற்பத்தைந்து வீடும் ஒரு தம்பி வீடும்

செம்பட்டி,
வைகாசி 9.

அன்பும் ஆயுளும் பெருகவேண்டிய மருமகன் இளஞ்செழியனுக்கு, பெரிய மாமன் பெருமாள்சாமி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அத்தை அய்யம்மாளும் கல்யாணப்பெண் சுகன்யாவும் சௌக்கியம். பெங்களூரில் நீ சௌக்கியமா என்று கேட்பதுதான் முறை. ஆனால் விஷயம் தொண்டை வரை வந்து நிற்பதால் அதைக் கடைசியில் கேட்டுக்கொள்கிறேன். போனில் நான் கத்தியது ஒன்றும் விளங்கவில்லை, எதை அமுக்கினேன், என்ன வந்தது என்று வரிசையாக எழுதி அனுப்பினால்தான் நீ செய்துகொடுத்த ஆப்பைச் சரிசெய்ய முடியும் என்றாய். எழுதுகிறேன், படி. கல்யாணத்துக்கு இன்னும் பன்னிரண்டே நாள்தான் இருக்கிறது.

முப்பத்திரண்டு வருஷம் வீடு வீடாக ஏறி மின்மீட்டர் கணக்கெடுத்தவன் நான். எந்த வீட்டில் நாய் கடிக்கும், எந்த வீட்டில் மோர் கொடுப்பார்கள் என்பதெல்லாம் அத்துப்படி. நீ சொன்ன அன்று, எனக்குப் போய் வழிகாட்ட ஒரு ஆப்பா என்று சிரித்தேன். அந்தச் சிரிப்பை வாபஸ் வாங்குகிறேன்! இப்போது அவனவன் புது நகர், புது காலனி என்று திசைக்கொருவனாக வீடு கட்டிப் போய்விட்டான். பத்திரிகை வைக்க எங்கே என்று தேடுவது? நீ சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் ‘உங்கள் வீட்டு வாசலில் நின்று இந்தப் பொத்தானை அமுக்குங்கள்’ என்று சேதி அனுப்பினாய். அவர்கள் அமுக்கியதெல்லாம் எங்கோ ஒரு கம்ப்யூட்டரில் சேர்ந்து, அங்கிருந்து என் போனுக்கு இறங்கிவரும் என்றாய். திறந்தேன். ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு பார், பொலபொலவென்று சிவப்புக் குறியாக விழுகிறது! தொட்டால் பேர் வருகிறது! நூற்று நாற்பத்தாறு வீடு! “அடியே, நமக்கு இம்புட்டுச் சொந்தமாடீ!” என்று நான் போட்ட சத்தத்தில் உன் அத்தை அடுப்பை அணைக்காமலே ஓடிவந்தாள்.

விழுந்த இடம்தான் இசகுபிசகாகிவிட்டது. நம் வம்சம் மொத்தமும் வடதுருவத்துக்குப் பக்கத்தில் பனிக்கடலுக்குள் கிடந்தது. “நத்தம் சின்னையாவுக்கு இழுப்பு இருக்குங்க, இந்தக் குளுர எப்படித் தாங்குவாரு?” என்று உன் அத்தை நிஜமாகவே கலங்கிவிட்டாள். சுகன்யாதான், அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் நீ இடம் மாற்றிப் போட்டுவிட்டாய் என்று கண்டுபிடித்து உனக்குச் சொன்னாள். அரைமணி நேரத்தில் நூற்று நாற்பத்தாறு குடும்பமும் கடலிலிருந்து கிளம்பி நம் திண்டுக்கல் சீமையில் வந்து இறங்கியதே, அடேயப்பா! அந்தச் சந்தோஷத்தில் அடுத்த வீட்டுக்காரர், எதிர்வீட்டுக்காரர், தேங்காய் வாங்க வந்த வியாபாரி எல்லாரையும் நிறுத்திவைத்துக் காட்டினேன்.

மறுநாள் விடிந்ததும் தாம்பாளம், வெற்றிலை பாக்கு, பழம், பூவோடு கிளம்பினோம். முதலில் நத்தம். சின்னையா குறி காட்டிய இடத்தில் ஒரு மாங்காய் மண்டி இருந்தது. அமுக்கும்போது மனுஷர் அங்கே லோடு ஏற்றிக்கொண்டிருந்தாராம். சரி, மாங்காய்ப் பெட்டி மேலேயே வைப்போம் என்று தாம்பாளத்தை நீட்டினால், “வீட்டுக்கு வந்து வைடா, நான் என்ன அனாதையா?” என்று திருப்பி அனுப்பிவிட்டார். கௌசல்யா மதினியின் குறி நாலுவழிச்சாலை டோல்கேட்டுக்கு நடுவில் நின்றது. பஸ்ஸில் போகிறபோது அமுக்கியிருக்கிறாள்! வெயிலில் தாம்பாளத்தோடு நின்ற எங்களைப் பார்த்துச் சீட்டுக் கொடுக்கிற பிள்ளை, “யாருக்குங்கையா பத்திரிக்கை?” என்று கேட்டது. வெறுங்கையோடு திரும்ப உன் அத்தைக்கு மனசு வராமல் அந்தப் பிள்ளைக்கே வைத்துவிட்டாள். அதுவும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறது. சேவுகம்பட்டியில் குறி பத்தடி தள்ளி விழுந்து, பெரியகருப்பன் அண்ணன் வீட்டுக்குப் பதில் அவர் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி வீட்டுக்குள் நுழைந்து, காப்பி குடித்து, பத்திரிகையும் வைத்தபிறகு மதிலுக்கு மேலே அண்ணன் தலை தெரிந்தது. “ஏலே பெருமாளு, அங்கிட்டு கை நனைச்சிட்டுத்தான் இங்கிட்டு வருவியோ?” வைத்த பத்திரிகையைத் திரும்ப எடுக்கவா முடியும்? சமையல்காரரிடம் இருபது இலை கூடுதலாகப் போடச் சொல்லிவிட்டேன்.

இதெல்லாம் போகட்டும் அப்பு, நான் சந்தோஷமாகத்தான் சுற்றினேன். வைத்த வீட்டைத் தொட்டால் சிவப்பு பச்சையாகிறதே, அதைப் பார்க்கவே இன்னும் நூறு வீடு போகலாம். ஆனால் இந்த ஆப்பே யாருக்காக என்பது உனக்குத் தெரியும். ஆறு வருஷத்துக்கு முன்னால், மூத்தவள் கல்யாணத்தில், கூடப்பிறந்த தம்பிதானே என்று முத்துச்சாமிக்கு மட்டும் பத்திரிகையைப் பால்காரர் கையில் கொடுத்துவிட்டேன். மறுநாள் பாலோடு அதே பத்திரிகை திரும்பி வந்தது. கல்யாணத்துக்கு அவன் வரவில்லை, அன்றிலிருந்து பேச்சும் இல்லை. தப்பு என்மேல்தான், பட்டவர்த்தனமாகவே சொல்கிறேன். இந்தத் தடவை நானே நேரில் போய், அவன் கையைப் பிடித்து வைக்கவேண்டும். அவனோ போன வருஷம் வீடு மாறிவிட்டான், எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. போன் போட்டு ‘உன் வீடு எங்கேடா’ என்று கேட்டால், சொந்தத் தம்பி வீடு தெரியாத அண்ணன் என்று அதுவே அடுத்த சண்டை.

அவனும் பொத்தானை அமுக்கியிருக்கிறான் மருமகனே! ஆனால் உன் ஆப் அவனுடைய குறியை எங்கே போடுகிறது தெரியுமா? என் வீட்டில்! என் வாசலில்! மூடித் திறந்தேன், திரும்ப இறக்கினேன், போனை அணைத்துப் போட்டேன், சுகன்யா போனில் பார்த்தேன். அசையமாட்டேன் என்கிறது. நூற்று நாற்பத்தைந்து வீட்டுக்கு வழி தெரிந்த சனியனுக்கு, எனக்கு வேண்டிய ஒரு வீடு தெரியவில்லை! எனக்கு அழுகையே வந்துவிட்டது. எதைப் பிரிப்பாயோ, எதை முறுக்குவாயோ, இரண்டு நாளைக்குள் இந்தக் கோளாறைச் சரிசெய்து, உன் சின்ன மாமன் வீட்டைக் காட்டிக்கொடு.

நீ சௌக்கியமா? வேளைக்குச் சாப்பிடு, காய்கறி வெஞ்சனத்தை ஒதுக்காதே. அடுத்த வைகாசியில் உனக்கும் இதேபோல் நூறு வீடு ஏறி இறங்கும் பாக்கியத்தைக் குலசாமி எங்களுக்குக் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
ஆசீர்வாதத்துடன் மாமன்
பெருமாள்சாமி

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது பக்கத்துவீட்டு சைதூன் வந்தது. மகள் வீட்டுக்குப் போய்விட்டு இன்றைக்குத்தான் திரும்பியது. “அண்ணே, நீங்க குலசாமிக்கு மொதப் பத்திரிக்கை வைக்கப் போன அன்னைக்கு உங்க தம்பி வந்து வாசல்ல நின்னுச்சு. உள்ள வந்து உக்காருப்பான்னேன். ‘இல்லக்கா, வீட்டு வாசல்ல நின்னு அமுக்கச் சொல்லி மருமகன் அனுப்பிருக்கான், அதான் வந்தேன்’னு சொல்லி, அமுக்கிட்டுப் போயிருச்சு” என்றது. உன் அத்தை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். “இப்ப அவரு இருக்கிறது வாடகை வீடுங்க. வீடுன்னா அவருக்கு இதுதான்” என்றாள். ஆகவே ஆப்பில் ஒரு கோளாறும் இல்லை. அதில் கை வைத்தாயோ, கையை ஒடிப்பேன். வீட்டுக்காரனுக்கு யாராவது பத்திரிகை வைப்பார்களா? போனைப் போட்டேன். “ஏலே முத்து, பந்தக்காரன் வந்து நிக்கிறான். கால் எங்க ஊண்டன்னு கேக்குறான், வந்து சொல்லுடா” என்றேன். “கெழக்க ஊண்டச் சொல்லாதண்ணே, அங்கிட்டுத் தண்ணிக் குழா போகுது. இந்தா வாரேன்” என்றான். அங்கே குழாய் போவது எனக்கே மறந்துபோயிருந்தது.