ரேடியோ பேசாத ஐந்து நாள்

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையைக் கட்டியவன் வணக்கத்துடன் எழுதுவது. நான் இங்கே நலம் என்று எழுத வேண்டும், எழுதிவிட்டேன். நீங்களும் அக்காவும் நலமாகத்தான் இருப்பீர்கள் என்ற தைரியத்தில் மேற்கொண்டு விசாரிக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். போனில் சொல்லலாம்தான். ஆனால் நான் போனில் ஆரம்பித்தால் நீங்கள் "சுருக்கமா சொல்லுங்க மாப்பிள்ளை" என்பீர்கள், இது சுருக்கமாகச் சொல்கிற சங்கதி இல்லை. என்னிடம் கார் ஓட்டப் பழகும் தையல்கார அம்மா ஏழு மணிக்கு ஸ்கூட்டரில் உங்கள் தெரு வழியாகப் போகிறார், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

வீட்டில் ஒரு வெள்ளைத்தாள் அகப்படவில்லை. ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து மாட்டியிருந்த மூன்று தாளை உருவி அவற்றின் பின்பக்கத்தில் எழுதுகிறேன், மன்னிக்கவும். முன்பக்கம் மகளின் பள்ளிக்கூடம் அனுப்பும் பருவச் செய்தி. அதைப் படித்து நேரத்தை வீணாக்க வேண்டாம். எல்லாப் பருவத்துக்கும் ஒரே பாட்டுத்தான்: மணி அடிக்குமுன் வாருங்கள், சட்டையில் பெயர் தையுங்கள், தொலைந்த தண்ணீர் பாட்டில்கள் ஒரு மூட்டை அலுவலகத்தில் இருக்கின்றன, பெற்றோர் அடையாளம் சொல்லி எடுத்துப்போகவும். தாளின் மடிப்பைப் பார்த்தாலே உள்ளே என்ன இருக்கும் என்று நான் சொல்லிவிடுவேன். பதினாறு வருஷமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன், ஒவ்வொரு பலகையையும் படித்துத்தானா வழி கண்டுபிடிக்க வேண்டும்?

விஷயம் இதுதான் மச்சான். ரேடியோ பேசவில்லை. நீங்கள்தான் அவளுக்கு அந்தப் பேரை வைத்தீர்கள், ஒன்றரை வயசில் ஆரம்பித்தவள் பதினாலு வயசு வரைக்கும் ஓய்ந்ததில்லை, பல் துலக்கும்போதுகூட நுரையோடு பேசுவாள். அவள் இந்தத் திங்கட்கிழமையிலிருந்து என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. 'ம்' இல்லை, 'ச்சே' இல்லை, கால் கட்டிலில் இடித்துக்கொண்டபோது 'ஆ'கூட இல்லை. இன்றைக்கு வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை காலையில் உங்கள் தங்கை நர்ஸ் பயிற்சி முடிந்து வந்து இறங்குகிறாள். "ஒரே வாரம், ஒரே பொண்ணு, நீங்க பாத்துக்குங்க" என்று ஒப்படைத்துவிட்டுப் போனவளிடம் பேசாத பெண்ணைத் திருப்பிக் கொடுக்க எனக்குத் தெம்பில்லை.

கடைசியாக அவள் பேசியது திங்கட்கிழமை காலையில். நான் காரைக் கிளப்பிக்கொண்டிருந்தேன், ஓடிவந்து ஒரு தாளை நீட்டினாள். பானெட் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டேன். "படிச்சிட்டுப் போடுங்கப்பா" என்றாள். "நான் என்ன உன்னை நம்பாதவனா?" என்றேன். ஒரு மாதிரி சிரித்தாள். அவ்வளவுதான். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, வழக்கம்போல இன்றைக்கு எவர் எதில் இடித்தார் என்று கதை சொல்ல ஆரம்பித்தேன், ஒரு பல் டாக்டர் தபால்பெட்டியை மோதிவிட்டு இறங்கி அதனிடம் மன்னிப்புக் கேட்ட கதை, எவனுக்கும் சிரிப்பு வரும். அவள் வாயை இறுக மூடிக்கொண்டு கையை நீட்டி மேலும் கீழும் அசைத்தாள். சைக்கிள் பழகினபோது நான் சொல்லிக்கொடுத்த சைகைதான் அது, வேகத்தைக் குறைக்கிறேன் என்று பின்னால் வருகிறவனுக்குக் காட்டுவது. எனக்கு ஏன் காட்டுகிறாள்? சட்டையில் ஒரு வட்ட அட்டை வேறு குத்தியிருந்தாள், அதில் மூடிய வாய் ஒன்று வரைந்திருந்தது. பள்ளியில் பல் பரிசோதனை போல என்று நினைத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமையும் அப்படியே. தெருமுனையில் அவளும் இன்னொரு பெண்ணும் நின்று பத்து விரலையும் மடக்கி மடக்கி ஒருத்திக்கொருத்தி என்னவோ காட்டிக்கொண்டிருந்தார்கள், என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்கள். உடனே பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டேன். ஆபீஸ் அம்மா எடுத்ததும், "சார், பருவச் செய்தி அனுப்பினோமே, படிச்சீங்களா?" என்றார். போன பருவம் நடந்தது உங்களுக்குத் தெரியாது, அந்த அம்மாவுக்குத் தெரியும்: பெற்றோர் கூட்டத்துக்கு நான் ஒரு நாள் தள்ளிப் போய், காலி வகுப்பில் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தவரிடம் கால் மணி நேரம் மகளின் கணக்குப் பாடம் பற்றிப் பேசிவிட்டு வந்தேன். அந்த மானக்கேடு இன்னும் ஆறவில்லை. அதனால், "படிச்சேன், படிச்சேன், ரொம்ப அருமையா இருந்துது" என்றேன். "அப்புறம் என்ன சார் சந்தேகம்?" என்றார். "சந்தேகமா? பாராட்டத்தான் கூப்பிட்டேன்" என்று வைத்துவிட்டேன். சரி, வீம்புதான், ஒத்துக்கொள்கிறேன்.

புதன்கிழமை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் பையனும் அதே பள்ளிக்கூடம்தான், நல்ல மனுஷர். "ஆ சொல்லும்மா" என்றார். வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தார், அவள் சட்டை அட்டையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். அவள் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள், அவர் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். "தொண்டை பிரமாதமா இருக்கு சார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குச் சரியாயிடும்" என்றார். மச்சான், நாள் சொல்கிற டாக்டரைப் பார்த்திருக்கிறேன், மணி சொல்கிற டாக்டரை இப்போதுதான் பார்க்கிறேன். மருந்து உண்டா என்றேன். "உங்களுக்கு வேணும்னா தரட்டுமா?" என்றார். அன்று ராத்திரி உங்கள் தங்கை பயிற்சி நிலையத்திலிருந்து மூணே நிமிஷம் பேசினாள். "ரேடியோ எப்படி இருக்கா?" என்றாள். "அதுக்கென்ன, வாயே ஓயல" என்றேன். அந்த மூணு நிமிஷத்தில் ரெண்டு நிமிஷம் சிரித்தாள். நான் சொன்னதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று இன்னும் விளங்கவில்லை.

வியாழக்கிழமை பாடம் நடத்த உடம்புதான் போனது. என் பக்கமும் ஒரு பிரேக் உண்டு அல்லவா, அதில் வைத்த காலை எடுக்கவேயில்லை. தையல்கார அம்மா ரவுண்டானாவை நாலு தடவை சுற்றிவிட்டார், எங்கே வெளியேற வேண்டும் என்று சொல்லவே எனக்குத் தோன்றவில்லை. நாலாவது சுற்றில் அந்த அம்மாவே காரை ஓரம் கட்டி, "என்ன சார் ஆச்சு உங்களுக்கு?" என்று கேட்டார். கொட்டிவிட்டேன். அவருக்கு மூன்று பெண்கள், அனுபவஸ்தர். "பொம்பளப் புள்ள பேசலன்னா மனசுல ஏதோ வருத்தம் இருக்கு சார். மன்னிப்புக் கேட்டுடுங்க." எதுக்குன்னே தெரியலையே என்றேன். "தெரியலன்னா செஞ்சது எல்லாத்துக்கும் கேட்டுடுங்க. அதுல ஒண்ணாவது இருக்கும்ல?" என்றார்.

கேட்டேன், மச்சான். ராத்திரிச் சாப்பாட்டு மேஜையில் அவளை எதிரே உட்காரவைத்து ஒவ்வொன்றாகச் சொன்னேன். முதலில் சைக்கிள். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் அவளுடைய நீலச் சைக்கிள் காணாமல் போனதே, அது காணாமல் போகவில்லை. நான்தான் பயிற்சிக் காரைப் பின்னால் எடுக்கும்போது அதன் மேல் ஏற்றிவிட்டேன். அன்று காலையில்தான் பன்னிரண்டு பேருக்கு 'கண்ணாடி பார்க்காமல் பின்னால் எடுக்காதே' என்று வகுப்பு எடுத்திருந்தேன், எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு சொல்வேன்? திருட்டுப் போச்சு என்று சொல்லிவிட்டேன். நீங்களும் நானும் அவளுமாக ரெண்டு நாள் தெருத் தெருவாகத் தேடினோமே, அப்போது அது எங்கள் ஷெட்டில் சாக்குக்கு அடியில் மூன்றாக மடிந்து கிடந்தது. ரெண்டாவது, அந்தப் பெற்றோர் கூட்டம். "கணக்கு டீச்சர் உன்னை வானளாவப் புகழ்ந்தாங்க" என்று அவளிடம் சொல்லியிருந்தேன், புகழ்ந்தவர் நாற்காலி அடுக்கியவர். மூன்றாவது, சொல்ல ஆரம்பித்தாயிற்று, உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் எங்களுக்குக் கொடுத்த சுவர்க் கடிகாரம். ரிப்பேருக்குக் கொடுத்திருக்கிறேன் என்று நாலு வருஷமாகச் சொல்லி வருகிறேன். ரிப்பேரில் இல்லை. அவசரமாக ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டியிருந்தது, கடை பூட்டியிருந்தது, கடிகாரம் பெட்டி பிரிக்காமல் இருந்தது.

கடிகாரத்துக்கு வரும்போது அவள் முகம் சிவந்துவிட்டது. உதட்டைக் கடித்தாள், கண்ணில் தண்ணீர் முட்டியது, சட்டென்று எழுந்து ஓடி அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் சாவித் துவாரத்தில் பார்த்தேன், தப்புத்தான், பார்த்தேன். தலையணையில் முகம் புதைத்துக் கிடந்தாள், தோள் ரெண்டும் குலுங்கிக் குலுங்கி அடங்கவில்லை. என்னால் அதற்கு மேல் பார்க்க முடியவில்லை. பெத்த பொண்ணை அழ வச்சிட்டேன் மச்சான்.

வீடு அமைதியா இருந்தா எவ்வளவு நல்லாருக்கும்னு இத்தனை வருஷமா நானே எத்தனை தடவை சொல்லியிருப்பேன். இப்ப அமைதியாத்தான் இருக்கு. ஃபிரிட்ஜ் ஓடுற சத்தம் கேக்குது, பக்கத்து வீட்டுக்காரர் செருமுற சத்தம் கேக்குது, சாப்பாடுதான் இறங்கல. அவ குரல் கேக்காம எனக்கு இருக்க முடியல. சாயங்காலம் அஞ்சு மணிக்கு மறுபடியும் அட்டையைக் குத்திக்கிட்டுப் பள்ளிக்கூடம் போயிருக்கா, எதுக்குன்னு கேட்டா யாரு சொல்லுவா? நீங்க நாளைக்குக் காலையில வந்துடுங்க. மாமான்னா அவளுக்கு உசிரு. நீங்கள் கேட்டால் சொல்வாள். என் மேல் என்ன கோபம் என்று மட்டும் தெரிந்தால் போதும், காலில் விழச் சொன்னாலும் விழுகிறேன். உங்கள் தங்கைக்கு இதில் ஒரு எழுத்தும் தெரிய வேண்டாம்.

அக்காவுக்கு என் வணக்கம். உங்கள் முழங்கால் வலி குறைந்து, ரெண்டு மாடியும் ஒரே மூச்சில் ஏற வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

என்றும் உங்கள் கீழ்ப்படிந்த மாப்பிள்ளை

பின்குறிப்பு: மச்சான், தயவுசெய்து தாளைத் திருப்பாதீர்கள். திருப்பியிருப்பீர்கள். மடித்து உறையில் போடும்போதுதான் நானும் திருப்பினேன். 'பெற்றோருக்கு நினைவூட்டல்: மௌன வாரம். திங்கள் காலை எட்டு மணி முதல் வெள்ளி மாலை ஆறு மணி வரை. ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் பேசமாட்டார்கள், வீட்டில் எழுதியும் காட்டமாட்டார்கள். திரளும் நிதியில், இந்தப் பருவம் சேர்ந்திருக்கும் காது கேளாத மாணவிக்காகச் சைகைமொழி ஆசிரியர் ஒருவர் அமர்த்தப்படுவார்.' பானெட் மேல் நான் போட்ட கையெழுத்து அதற்குத்தான். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவார்கள் என்று கேட்டிருக்கிறேன், வெண்ணெயின் முதுகிலேயே நெய்யைக் காணோம் என்று மூன்று பக்கம் புகார் எழுதியவன் நான்தான். கீழே கட்டம் கட்டி, எது கஷ்டமாயிருக்கும் என்று பிள்ளைகளை முன்கூட்டியே கேட்டிருக்கிறார்கள். ஒரு மாணவி: 'எங்கப்பா சாயங்காலம் வந்து யாரு எங்க இடிச்சாங்கன்னு கதை சொல்லுவாரு. சிரிக்காம இருக்கறதுதான் கஷ்டம்.' இதைப் படித்ததும் எனக்குக் கண் மறைத்துவிட்டது.

ஆறேகாலுக்கு வந்தாள். நேற்று ராத்திரி அழவில்லையாம். "சத்தம் வந்தா தோத்துடுவேன்னு தலையணையக் கடிச்சிக்கிட்டுச் சிரிச்சேம்ப்பா. அந்தக் கடிகாரம்! மாமா ஒவ்வொரு தடவையும் ரிப்பேர்காரன திட்டுவாரே!" பையிலிருந்து நிதித் தாளை எடுத்துக் காட்டினாள், பேசாத ஒவ்வொரு நாளுக்கும் இவ்வளவு தருகிறேன் என்று தெரிந்தவர்கள் கையெழுத்துப் போடுவது. முதல் கையெழுத்து உங்கள் தங்கை: அப்பா கண்டுபிடிக்காத ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு பங்கு. ரெண்டாவது கையெழுத்து உங்களுடையது. போன சனிக்கிழமை, தங்கையை வழியனுப்ப வந்த அன்று போட்டிருக்கிறீர்கள், 'எனக்கும் அதே' என்று எழுதி! அஞ்சு நாளும் நான் கண்டுபிடிக்காததால் இவள்தான் வகுப்பிலேயே முதலிடமாம். ஆகவே நாளைக்கு நீங்கள் வர வேண்டிய அவசியம் இல்லை, இந்தக் கடிதத்துக்கும் அவசியம் இல்லை. கிழித்துப் போட்டிருப்பேன். ஆனால் மூன்றாம் தாளின் அடியில் ஒரு துண்டு இருக்கிறது, கையெழுத்துப் போட்டவர்கள் அதை நிரப்பித் திங்கட்கிழமைக்குள் பள்ளி அலுவலகத்தில் கொடுக்க வேண்டுமாம், வேறு பிரதி கிடையாதாம். அந்தத் துண்டின் பின்பக்கத்தில்தான் கடிகாரம் இருக்கிறது. அந்த ஆபீஸ் அம்மாவும் படிப்பார்.

தையல்கார அம்மா வாசலில் ஹாரன் அடிக்கிறார். ரேடியோ முக்கால் மணி நேரமாக நிறுத்தாமல் ஓடுகிறது, காது குளிர்ந்து கிடக்கிறேன். சைக்கிளை மட்டும் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்க வேண்டுமென்றால் நான் ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாதாம், இப்போதே ஆரம்பமாம். சரி என்று தலையாட்டிவிட்டேன். எழுதியும் காட்டக் கூடாது என்கிறாள். ஆக