தையற்காரர் கடை வாசலில் நிற்கும் மோட்டார்

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. நான் சுகம். நீங்களும் அப்படித்தான் இருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன். மோட்டார் வண்டி மக்கர் பண்ணுகிறது என்று போன கடிதத்தில் எழுதியதற்கு, "தனியா கெடந்து அல்லாடாதே அண்ணா, நாங்க கெளம்பி வர்றோம்" என்று பதில் போட்டிருந்தாய். வரவே வேண்டாம். எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை.

உன் அண்ணி போன பிறகு வீட்டில் ஏதாவது சத்தம் இருக்கட்டும் என்றுதான் இந்த வண்டியை வாங்கினேன். தெருவுக்கே முதல் மோட்டார். சத்தத்துக்குக் குறைச்சலில்லை. ஆனால் வீட்டில் ஒழுங்காகக் கிளம்பி, தையற்காரர் கடை வாசலுக்கு வந்ததும் இருமும், விக்கும், படுத்துவிடும். கொஞ்ச நேரம் விட்டு, முன்னால் இருக்கும் கைப்பிடியைச் சுழற்றினால், ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும். ரிப்பேர்க்காரர் தினமும் வந்தார், கார்புரேட்டரைக் கழற்றினார், அதில் குற்றமில்லை, பிளக்கைத் துடைத்தார், பொறி நன்றாகவே பறந்தது, குழாயை உறிஞ்சிப் பார்த்தார், பெட்ரோல் வாய்க்குள் போனதுதான் மிச்சம். கடைசியில், "வண்டிக்கு இந்தக் கடையப் புடிக்கலைங்க" என்று தீர்ப்புச் சொன்னார். "என் கடை என்னய்யா பண்ணுச்சு?" என்று ஊசியும் கையுமாக இறங்கி வந்த தையற்காரர், அன்று முதல் தானும் விசாரணையில் சேர்ந்துகொண்டார். எனக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். போகிறவர் வருகிறவரெல்லாம் நின்று, "இன்னிக்கு எப்படிங்க இருக்கு?" என்று விசாரித்தார்கள். நானும், "பரவாயில்லை, தூக்கம்தான் சரியா வர்றதில்ல" என்றேன். அவர்கள் கேட்டது வண்டியை.

முந்தாநாள் வண்டி நின்றதும், பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்கத் தொட்டியின் பித்தளை மூடியைத் திருகினேன். 'புஸ்' என்று காற்றை உள்ளே இழுத்தது. ரிப்பேர்க்காரர் மூடியைப் பிடுங்கி வெளிச்சத்தில் பார்த்தார். அதில் ஊசிமுனை அளவு ஒரு துளை. அந்த வழியாகக் காற்று உள்ளே போனால்தான் பெட்ரோல் கீழே இறங்குமாம். துளை முழுக்க வெள்ளையாக ஏதோ அடைத்திருந்தது. வீட்டிலிருந்து கடை வரை ஓடியதும் மூச்சு முட்டிப் படுத்து, நிற்கிற நேரத்தில் கொஞ்சம் காற்றுக் கசிந்ததும் எழுந்து ஓடியிருக்கிறது.

"ஐயா, இதுல என்ன தடவினீங்க?"

"பாலிஷ். பளபளன்னு இருக்கட்டுமேன்னு."

"எப்பவாச்சுமா?"

"தினமும்."

"உங்களுக்கு வேற வேலையே இல்லீங்களா?"

"இல்லீங்க" என்றேன்.

அவர் சிரிக்க வாயைத் திறந்தவர், மூடிக்கொண்டார். தையற்காரர் ஊசியால் துளையைக் குத்திவிட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். அதன் பிறகு வண்டி எங்கேயும் நிற்கவில்லை. ஆகவே கவலைப்படாதே, சிரமப்பட்டு வராதே. மாப்பிள்ளைக்கு என் அன்பு. பிள்ளைகள் நன்றாகச் சாப்பிட்டு, நன்றாகச் சண்டை போட்டு, நீண்ட காலம் வாழட்டும்.

உன் அண்ணன்

பி.கு.: இதைத் தபாலாபீஸ் மேசையருகே நின்று எழுதுகிறேன். வரும் வழியில் தையற்காரர் தலையைத் தூக்கிக் கையசைத்தார். நிறுத்தலாம் என்று நினைத்தேன். நன்றாக ஓடுகிற வண்டியை என்ன சொல்லி நிறுத்துவது? அதற்குள் தெருவே முடிந்துவிட்டது. மேலே எழுதியதையெல்லாம் படிக்காததுபோல் கிளம்பி வாம்மா. பிள்ளைகளையும் கூட்டி வா.