பிரேக் மாஸ்டரின் கரி அடுப்பு

இந்த வீட்டில் ஒரு நெருப்பாவது இனிமேல் தன் சொல்படி எரியும் என்று பிரேக் மாஸ்டர் ஒரு சனிக்கிழமை காலையில் பல் தேய்த்துக்கொண்டே முடிவெடுத்தார். வாயில் நுரை இருந்ததால் உடனே அறிவிக்க முடியவில்லை. கொப்பளித்துவிட்டு வந்து அறிவித்தார்.

அவருக்கு வேலை, கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது. கற்றுக்கொள்பவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பார்; பக்கத்து சீட்டில் இவர் காலடியில் இன்னொரு பிரேக் இருக்கும். அதனால்தான் அந்தப் பெயர். தெருவில் அவர் காலை அழுத்தினால் வண்டி நிற்கும். வீட்டில் அவர் தலைகீழாக நின்றாலும் எதுவும் நிற்காது. ஜன்னலுக்கு எந்தத் துணி, காய்ச்சலுக்கு எந்த டாக்டர், கல்யாணத்துக்கு எந்தச் சட்டை, எல்லாம் மனைவி முடிவு செய்வதுதான். அவள் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவருடைய வலது கால் தானாகத் தரையை அழுத்தும். பாவம், தரையில் என்ன இருக்கிறது?

அவருக்கென்று மிஞ்சியது பின்முற்றத்தின் கடைசி மூலை ஒன்றுதான். அங்கே பழைய டயர்கள், ஒரு நசுங்கிய பம்பர், முதல் பயிற்சிக் காரிலிருந்து கழற்றிய டிரைவர் சீட்டு. சாயங்காலம் அந்தச் சீட்டில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டால் அவரை யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். அந்த மூலையை ஒழித்துக் கொடுங்கள் என்று மனைவி கெஞ்சிப் பார்த்தாள், கோபித்துப் பார்த்தாள், ஒருமுறை அழுதும் பார்த்தாள். மாஸ்டர் மசியவில்லை.

பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் போன வாரம் தன் தோட்டத்தில் பார்பிக்யூ அடுப்பு வைத்துக் கோழி சுட்டுக் கொடுத்தார். கையில் இடுக்கியோடு, மனைவியிடம் எதுவும் கேட்காமல், ஒரு மனிதன் தன் போக்கில் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்ததிலிருந்து மாஸ்டருக்குத் தூக்கமில்லை.

"நாமளும் ஒரு பார்பிக்யூ அடுப்பு வாங்கறோம். வெளியில வச்சு நானே சமைப்பேன். யாரும் தலையிடக் கூடாது."

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். "அது எதுக்குங்க நமக்கு? உங்களுக்கு ஒத்துவராது."

"எனக்கா ஒத்துவராது?"

"சரி, வாங்கித்தான் ஆகணும்னா டாக்டர் வீட்டுல இருக்கற மாதிரி கேஸ் அடுப்பா வாங்குங்க. திருகினா பத்திக்கும். கரி அடுப்புக்கெல்லாம் பொறுமை வேணும்."

கடையில் கேஸ் அடுப்புகள் வரிசையாகப் பளபளத்தன. விற்பனையாளர் ஒவ்வொன்றின் கதவையும் திறந்து காட்டினார். மாஸ்டர் எதையும் திரும்பிப் பார்க்காமல் கரி அடுப்பு எங்கே என்று கேட்டார். கனமான தகடா, மூடி சரியாகப் பொருந்துகிறதா, மேலேயும் கீழேயும் காற்றுத் துளையைத் திறந்து மூட முடிகிறதா என்று பார்த்து வாங்குங்கள் என்றார் விற்பனையாளர். மாஸ்டர் ஓங்கி ஒரு தட்டுத் தட்டிப் பார்த்து, இருப்பதிலேயே கனமானதை எடுத்தார். அதைக் காரிலிருந்து இறக்கும்போது இரண்டு தடவை வருத்தப்பட்டார், ஆனால் வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

எங்கே வைப்பது என்று அடுத்த பிரச்சினை. சமையலறை வாசலை ஒட்டி வையுங்கள், உப்புக்கும் மிளகாய்க்கும் கை எட்டும் என்றாள் மனைவி. மாஸ்டர் பெட்டியோடு வந்த தாளை விரித்துப் பிடித்தார். சுவரை ஒட்டி வைக்கக் கூடாது. மேலே கூரை இருக்கக் கூடாது. புகை வீட்டுக்குள் அடிக்கக் கூடாது. கண்ணை நாலா பக்கமும் ஓட்டிப் பார்த்தார். மிச்சமிருந்தது அந்த மூலைதான். தயங்கித் தயங்கி அந்தப் பக்கம் நடந்தார்.

"அங்க மட்டும் வேண்டாங்க," என்றாள் மனைவி பதறிப்போய். "அந்த டயரையெல்லாம் யார் தூக்கறது? உங்களால ஆகாது. இடுப்பு புடிச்சுக்கும்."

மத்தியானத்துக்குள் ஒரு டயர்கூட இல்லை. பம்பர் பழைய சாமான்காரரின் வண்டியில் ஏறிவிட்டது. சீட்டுக்கு முன்னால் வந்ததும் மாஸ்டர் நின்றார். அந்தச் சீட்டில்தான் மனைவியும் ஒரு காலத்தில் அவரிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். அவளுக்கு அப்போதே பிடிவாதம் அதிகம்.

மனைவி ஜன்னலிலிருந்து, அது இருந்துவிட்டுப் போகட்டும், பொறி பட்டால் படட்டும் என்றாள். பஞ்சு சீட்டை நெருப்புக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்கிறாளே, இவளுக்கு என்ன தெரியும்? மாஸ்டர் தானே அதைத் தூக்கிக்கொண்டுபோய் வண்டியில் ஏற்றினார். தெருமுனையில் அது மறையும்வரை நின்று பார்த்தார். உண்மையாகவே துக்கமாக இருந்தது. ஆனாலும் அவள் பேச்சைக் கேட்கவில்லை என்கிற ஆறுதல் இருந்தது.

தரை ஒரு பக்கம் சரிந்திருந்தது. அடுப்பின் காலுக்கடியில் அட்டையை மடித்துக் கொடுத்தால் போதும், கல்லெல்லாம் பதிக்க வேண்டாம் என்றாள். மாஸ்டர் நாற்காலிகள் போடும் அளவுக்கு அகலமாகக் கல் பதித்தார். விளக்கு அநாவசியம் என்றாள். கம்பம் நட்டு விளக்குப் போட்டார். யாரையும் கூப்பிடாதீர்கள், மானம் போகும் என்றாள். டாக்டரையும் அவர் மனைவியையும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரச்சொல்லிவிட்டு வந்தார்.

நடுவில் ஒரு ஒத்திகை நடந்தது. அதைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். கரி கொழுந்துவிட்டு எரியும்போதே கோழியை வைத்துவிட்டார். வெளியே கரி, உள்ளே பச்சை. மனைவி ஒரு துண்டைப் பிட்டுப் பார்த்துவிட்டு, இதோடு விட்டுவிடுங்கள் என்று தாழ்ந்த குரலில் சொன்னாள். அந்தக் குரல்தான் அவரை உசுப்பிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மாஸ்டர் பொறுமையின் சிகரமாக நின்றார். கரி அடங்கித் தணலாகி, மேலே சாம்பல் பூக்கும்வரை தொடவில்லை. தணலை ஒரு பக்கமாக ஒதுக்கினார். சோளக்கதிரையும் மீனையும் அதன்மேல் வாட்டினார். கோழித் தொடைகளைத் தணல் இல்லாத பக்கம் வைத்து, மூடியைப் போட்டு, காற்றுத் துளையைப் பாதி திறந்து விட்டார். திறந்து பார்க்கலாமா என்று டாக்டர் கேட்டதற்கு, கூடாது என்று சொன்ன குரலில் ஒரு ராஜா இருந்தார்.

கோழி எலும்பைவிட்டுத் தானாகக் கழன்றது. டாக்டர் மூன்றாவது துண்டை எடுத்தார். மாஸ்டருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நிறைந்தது வாய் வழியாக வழிந்தது. தன் தொழிலின் நுணுக்கத்தை எடுத்துவிட்டார்.

"இந்தப் பிடிவாதக்காரங்க இருக்காங்களே டாக்டர், அவங்களுக்கு நேரா சொல்லிக் குடுக்கவே கூடாது. இடது பக்கம் திருப்பணும்னா, 'இந்தத் திருப்பம் வேண்டாம், உங்களால முடியாது'ன்னு சொல்லணும். உடனே திருப்புவாங்க. தானே ஓட்டறதா நெனச்சுக்குவாங்க. பிரேக் என் காலடியில இருக்கறது ஞாபகமே வராது."

டாக்டரின் மனைவி சிரித்துவிட்டு, உங்களுக்கும் இப்படித்தான் கற்றுக்கொடுத்தாரா என்று மாஸ்டர் மனைவியைக் கேட்டார்.

"ஆமா," என்றாள் அவள், சோளத்தை உதிர்த்துக்கொண்டே. "எனக்கு நல்லா மனசுல நின்னுது."

மாஸ்டர் மென்றுகொண்டிருந்தார். மெல்லுவது மெதுவானது. கண் விளக்குக் கம்பத்துக்குப் போனது. அங்கிருந்து கல் தரைக்கு இறங்கியது. டயர் இல்லாத, பம்பர் இல்லாத, பெருக்கித் துடைத்த மூலையைச் சுற்றி வந்தது. பிறகு நின்றே விட்டது.

விருந்தாளிகள் போன பிறகு மனைவி புது நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்தாள். பழைய சீட்டு கிடந்த அதே இடம். மாஸ்டர் இடுக்கியோடு எதிரில் வந்து நின்றார்.

"மூலை, கல்லு, விளக்கு. எல்லாம் உன் வேலைதானா?"

"நான் என்னங்க பண்ணேன்? எல்லாத்தையும் வேண்டாம் வேண்டாம்னுதானே சொன்னேன்."

மாஸ்டர் இடுக்கியை உயர்த்திப் பிடித்துச் சபதம் செய்தார். இந்த வித்தையைக் கண்டுபிடித்தவனே தான்தான். இனிமேல் அவள் எதை வேண்டாம் என்றாலும் தானும் வேண்டாம் என்றே சொல்லப் போவதாகவும், தன்னை இனி ஒரு அங்குலம் அசைக்க முடியாது என்றும் அடித்துச் சொன்னார். அவள் முழுக்கக் கேட்டாள். நியாயம்தான் என்று தலையாட்டினாள்.

"அப்போ வாராவாரம் ஞாயித்துக்கிழமை நீங்க சமைக்கறதும் வேண்டாங்க. ஒரு வாரம் சரி. வாராவாரம்னா உங்களால முடியாது."

திருப்பம் வருவது மாஸ்டருக்குத் தெளிவாகத் தெரிந்தது. பிரேக் யார் காலடியில் இருக்கிறது என்பதும் தெரிந்தது. வாயை இறுக்க மூடிக்கொண்டார். வலது காலால் கல் தரையை முழு பலத்தோடு அழுத்தினார்.

"யாரால முடியாது?" என்றார்.