முள்ளம்பன்றி மருத்துவச்சிக்கு வேண்டிய இரண்டு பாயிண்ட்

ஒரு காட்டில்... இருங்கள், தொடங்குவதற்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். இதுவோ பிரசவம் பார்க்கிறவர்களின் மேற்படிப்பைப் பற்றிய கதை. ஒரு வார்த்தை பிசகினாலும் 'உனக்கு என்னம்மா தெரியும்' என்று வந்து நிற்பார்கள். அதனால் எந்தக் காடு என்று சொல்ல மாட்டேன். மரங்கள் உண்டு, நடுவில் ஓர் ஆறு ஓடும். அது போதும்.

அந்தக் காட்டில் பவளாயி என்ற முள்ளம்பன்றி பிரசவம் பார்த்துவந்தது. முள்ளம்பன்றியா என்று முகம் சுளிக்க வேண்டாம். பிரசவம் பார்க்கும்போது அது முள்ளையெல்லாம் முதுகோடு படியவைத்துக்கொள்ளும். தாய் முக்காமல் சோம்பினால் மட்டும் இரண்டு முள்ளைச் சிலிர்க்கும். அடுத்த நிமிடம் குட்டி வெளியே இருக்கும். இருபது வருடத்தில் ஒரு தாயைக்கூட அது பறிகொடுத்ததில்லை. காட்டில் பாதிப் பேர் அதன் கையில் விழுந்தவர்கள்தான். சிங்கமும் அப்படித்தான், ஆனால் சிங்கம் அதை வெளியே சொல்லிக்கொள்வதில்லை.

ஒருநாள் சிங்கம் ஓர் ஆணை போட்டது. மருத்துவம் வளர்ந்துகொண்டே போகிறதாம், அதனால் மருத்துவச்சிகளும் வளர வேண்டுமாம். ஒரு வகுப்பில் உட்கார்ந்தால் இரண்டு பாயிண்ட். ஐந்து வருடத்தில் முப்பது பாயிண்ட் சேர்க்காவிட்டால் லைசென்ஸ் போய்விடும். லைசென்ஸ் இல்லாமல் பிரசவம் பார்த்தால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் துரத்திவிடுவார்கள். அந்தப் பக்கம் இருப்பவை முதலைகள். முதலைகளுக்கு மருத்துவச்சி தேவைப்படாது, சாப்பாடுதான் தேவைப்படும்.

பவளாயியிடம் இருபத்தெட்டு பாயிண்ட் இருந்தது. ஐந்து வருடம் முடிய ஒரே ஒரு நாள்தான் பாக்கி. சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். அது படிக்க உட்கார்ந்தாலே எங்கேயோ ஒருத்திக்குப் பனிக்குடம் உடைந்துவிடும். பாதி வகுப்பில் எழுந்து ஓடினால் பாயிண்ட் கிடையாது. அதே காட்டில் ஒரு பெண்மயில் நூற்றுப் பத்து பாயிண்ட் வைத்திருந்தது. அதை யாரும் பிரசவத்துக்குக் கூப்பிடுவதில்லை என்பதால் அதற்கு நேரம் இருந்தது.

லைசென்ஸ் அலுவலகத்தில் ஓணான்தான் எழுத்தர். பவளாயி காலையிலேயே போய் விசாரித்தது.

"இன்னிக்கு மத்தியானம் ஒரு கிளாஸ் இருக்கு. போன்லயே பார்க்கலாம்" என்றது ஓணான். "பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் மணி அடிக்கும். 'நான் இருக்கிறேன்'னு ஒரு பொத்தான் வரும். அமுக்கணும். அமுக்கலேன்னா நீங்க இல்லேன்னு அர்த்தம்."

"நான் அங்கேயேதானே உட்கார்ந்திருப்பேன்?"

"அமுக்கினாத்தான் உட்கார்ந்திருப்பீங்க. கடைசியில பத்துக் கேள்வி. ஏழு சரியா இருந்தா பாஸ். அப்புறம் அதுவே உங்க முகத்தை ஒரு போட்டோ எடுத்துக்கும். அந்த முகத்துக்குத்தான் லைசென்ஸ்."

"நடுவுல யாருக்காச்சும் வலி வந்துட்டா?"

"பரீட்சை முடிஞ்சு வரச் சொல்லுங்க."

"வலியையா?"

ஓணான் தலையை ஆட்டியது. அது ஆமாம் என்பதா, பழக்கமா என்று இதுவரை யாரும் கண்டுபிடித்ததில்லை.

மதியம் இரண்டு மணிக்கு... இல்லை, இரண்டரை. வகுப்பு இரண்டு மணி நேரம், நாலரைக்கு முடிந்தது, ஆமாம், இரண்டரைதான். பவளாயி போனை ஒரு கல்லில் சாய்த்துவைத்து எதிரே உட்கார்ந்தது. வகுப்பெடுக்க வந்தவர் பேராசிரியர் குயில். தலைப்பு, 'பேறுகாலத்தில் தாயை விட்டு ஒரு நொடியும் விலகாதிருத்தல்'. தன் முட்டைமேல் ஒரு நாளும் உட்கார்ந்திராத பறவைக்கு இந்தத் தலைப்பு எப்படிக் கிடைத்தது என்று என்னைக் கேட்காதீர்கள். குரல் இனிமையாக இருந்தது, அதற்காகக் கொடுத்திருப்பார்கள்.

"அன்பார்ந்த மருத்துவச்சிகளே, தாய்மை என்பது ஒரு தவம்" என்று தொடங்கியது குயில்.

ஒரு காகம் குறுக்கே புகுந்தது. "ஐயா, ஒரு சந்தேகம். என்னோட மூணாவது குஞ்சு மட்டும் பாடுது. இது ஏதாவது வியாதியா?"

"மிக நல்ல கேள்வி" என்றது குயில். "அடுத்த பக்கத்துக்குப் போவோம்."

முதல் மணி அடித்தது. பவளாயி பொத்தானை அமுக்கிவிட்டு நிமிர்ந்தது. எதிரே ரஞ்சிதம் என்ற மந்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றது. கூடவே அதன் மாமியார் மந்தி.

"பவளாயி, இவளுக்கு வலி எடுத்துடுச்சு. நான் அப்பவே சொன்னேன், உச்சிக் கிளையில போய் உட்காராதேன்னு. கேட்டாளா?" என்றது மாமியார்.

பவளாயி போனைப் பார்த்தது, ரஞ்சிதத்தைப் பார்த்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு முதலை கொட்டாவி விட்டது. அதையும் பார்த்தது.

"படு தாயி" என்றது பவளாயி. "முதல் பிள்ளை, நேரமாகும். அதுக்குள்ள இதையும் பார்த்துக்கலாம்."

இரண்டாவது மணிக்குப் பவளாயி மூக்கால் அமுக்கியது. கை இரண்டும் ரஞ்சிதத்தின் வயிற்றில் இருந்தன. நாலு மணி நெருங்கியபோது மூக்குக்கும் நேரமில்லை. "அத்தாச்சி, மணி அடிச்சா நீங்க அந்தப் பொத்தானைக் கொஞ்சம் அமுக்குறீங்களா?" என்று கேட்டது.

"எனக்கு இந்தப் போனெல்லாம் தெரியாது. அமுக்கி ஏதாச்சும் ஆயிட்டா அப்புறம் என்னைத்தான் சொல்வீங்க."

அந்த நேரம் பார்த்து ரஞ்சிதத்துக்குப் பெரிய வலி வந்தது. "அத்தே, கையைக் குடுங்க, கையைக் குடுங்க" என்று துழாவியது.

மாமியார் கையைப் பின்னால் கட்டிக்கொண்டது. "உன் பிடி எனக்குத் தெரியும். நீ நசுக்கிட்டா நாளைக்கு யார் மரம் ஏறுறது?"

பிடிக்க ஏதாவது வேண்டுமே. ரஞ்சிதம் கல்லில் சாய்ந்திருந்த போனை எட்டிப் பிடித்துவிட்டது.

"அடியே, அது என் லைசென்ஸ்டீ" என்றது பவளாயி. பிறகு ரஞ்சிதத்தின் முகத்தைப் பார்த்தது. "சரி, பிடிச்சுக்கோ. போனாப் போகுது. நீ எனக்குப் பிள்ளையைக் குடு."

மணி அடித்தது. அதே நொடியில் வலியும் வந்தது. ரஞ்சிதம் பல்லைக் கடித்துப் போனை நசுக்கியது. 'வருகை பதிவானது, நன்றி' என்றது போன்.

அடுத்த மணிக்கும் அப்படியே. வலியும் மணியும் பேசிவைத்துக்கொண்டு வந்தன. பவளாயிக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டது. சிரித்தால் அதற்கு முள் சிலிர்க்கும்.

ஆனால் வலி என்பது பத்து நிமிடத்தோடு நிற்கிற பொருளா? ஐந்து நிமிடத்துக்கு ஒன்றானது, மூன்றுக்கு ஒன்றானது. ரஞ்சிதம் மணி அடிக்காத நேரத்திலும் அமுக்கத் தொடங்கியது. அப்படி அமுக்கினால் கேள்வி கேட்கக் கை தூக்கியதாகக் கணக்கு. அங்கே குயில் பேச்சை நிறுத்தியது. "பவளாயி அம்மையார் மீண்டும் மீண்டும் கை உயர்த்துகிறார். எவ்வளவு ஆர்வம்! சொல்லுங்கள் அம்மா."

"ஐயோ, போதும், என்னால முடியல, நிறுத்துங்க" என்று அலறியது ரஞ்சிதம்.

வகுப்பில் இருந்த அத்தனை மருத்துவச்சிகளும் கை தட்டினார்கள். ஐந்து வருடமாக எல்லோர் மனதிலும் இருந்ததை ஒருத்தி தைரியமாகச் சொல்லிவிட்டாளே. குயில் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நேரம் கருதிப் பரீட்சைக்குப் போவோம்" என்றது.

மாமியாருக்குப் போனைத் தொடத்தான் பயம், வாசிக்கத் தெரியும். அதில் அதற்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. எட்ட நின்றபடியே உரக்க வாசித்தது. "தாய் வலியில் அலறும்போது முதலில் செய்ய வேண்டியது எது? அ, கையைப் பிடிப்பது. ஆ, முதுகை நீவுவது. இ, ஏழாம் எண் படிவத்தை நிரப்புவது."

"இதென்ன கேள்வி? முதுகைத்தான் நீவணும். ஆ போடு தாயி" என்று முதுகை நீவிக்கொண்டே சொன்னது பவளாயி.

தவறு என்றது போன். இரண்டாவது கேள்விக்கும் பவளாயி அனுபவத்தில் இருந்து பதில் சொன்னது. தவறு. மூன்றாவதும் தவறு.

"இருபது வருஷமா என்னத்தைப் பண்ணிக்கிட்டிருந்தே நீ?" என்று கேட்டது மாமியார்.

பவளாயி குனிந்து பார்த்தது. குட்டியின் தலை வந்துவிட்டது. கழுத்தில் கொடி சுற்றியிருந்தது.

"கொடி சுத்திப் பொறந்தா மாமனுக்கு ஆகாதும்பாங்க" என்று எட்டிப் பார்த்தது மாமியார். பிறகு யோசித்தது. "மாமன்னா இவ அண்ணன்தானே. சரி, பரவாயில்லை."

"அத்தாச்சி, வாயை மூடுங்க" என்றது பவளாயி. அந்தக் குரலில் முள் இருந்தது. இனி அதற்குப் பாயிண்ட் நினைவில்லை, முதலை நினைவில்லை. ஒரு விரலைக் கொடிக்கும் கழுத்துக்கும் நடுவே மெல்ல நுழைத்தது. "முக்காதே தாயி, கொஞ்சம் பொறு. நாய் மாதிரி மூச்சு விடு."

முக்காமல் இருப்பது முக்குவதைவிடக் கஷ்டம், பெற்றவர்களுக்குத் தெரியும். ரஞ்சிதம் தன் பலத்தையெல்லாம் கட்டைவிரலில் காட்டியது. விரல் மூன்றாவது விடையின்மேல் இருந்தது. நான்காம் கேள்விக்கு அமுக்கியது, ஐந்தாம் கேள்விக்கு அமுக்கியது, பத்துவரை அமுக்கியது. ஏழும் சரி. அந்தப் பரீட்சையில் எல்லாக் கேள்விக்கும் 'இ'தான் விடை. அதைப் படித்தவர்களால் கண்டுபிடிக்க முடியவில்லை.

பவளாயி கொடியைத் தலைவழியே கழற்றிவிட்டது. குட்டி வழுக்கிக்கொண்டு வந்து அதன் கையில் விழுந்தது. ரஞ்சிதத்தின் பிடி தளர்ந்து போன் கீழே விழுந்தது.

குட்டி நீலமாக இருந்தது. அழவில்லை. பவளாயி முதுகைத் தேய்த்தது, உள்ளங்காலைச் சுண்டியது.

'முகத்தை நேராகக் காட்டவும்' என்றது போன், தரையில் கிடந்தபடி. பளிச்சென்று ஒரு வெளிச்சம் அடித்தது.

குட்டி திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்து, வீல் என்று கத்தியது. ஐந்து வருடப் படிப்பில் அந்தப் போன் செய்த ஒரே மருத்துவ உதவி அதுதான்.

"பொம்பளப் பிள்ளை" என்றது பவளாயி. குட்டியைத் தாயின் மார்பில் போட்டுவிட்டுத் திரும்பியது. திரும்பிய இடத்தில் போன் கிடந்தது. அதில் 'வாழ்த்துகள், தேர்ச்சி பெற்றுவிட்டீர்கள்' என்று எழுதியிருந்தது. கீழே குட்டியின் முகம், பிறந்த ஈரத்தோடு.

எல்லோரும் ஐந்து மணிக்குள் அலுவலகத்துக்கு ஓடினார்கள். ரஞ்சிதமும் வந்தது. மந்திகள் பெற்ற உடனே நடந்துவிடும், நமக்குத்தான் அந்த வசதி இல்லை.

ஓணான் போட்டோவைப் பார்த்தது, பவளாயியைப் பார்த்தது. "இந்த முகம் நீங்க இல்லையே."

"நான் இல்லைதான். அது இப்பப் பொறந்தது. பேரு என்னோடதுதானே, பார்த்துச் செய்யுங்க."

"பேரை மாத்தலாம், முகத்தை மாத்த முடியாது." ஓணான் குட்டியின் முகத்தை ஒப்பிட்டுப் பார்த்தது. "இது சரியாப் பொருந்துது. முப்பது பாயிண்ட். பொறந்து அரை மணி நேரத்துல முப்பதா? பெரிய ஆளா வரும்." பவளாயியின் பெயரை அடித்துவிட்டு, குட்டிக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை என்பதால் 'குட்டி, மருத்துவச்சி' என்று எழுதி முத்திரை குத்தியது.

"அப்ப என்னை அந்தப் பக்கம் துரத்திடுவீங்களா?" என்று கேட்டது பவளாயி.

"லைசென்ஸ் உள்ளவங்க மேற்பார்வையில உதவியாளரா இருக்கலாம். அதுக்குப் பாயிண்ட் வேண்டாம்."

பவளாயி நின்று யோசித்தது. பாயிண்ட் வேண்டாம். வகுப்பு வேண்டாம். மூக்கால் பொத்தான் அமுக்க வேண்டாம். பிரசவம் மட்டும் பார்த்தால் போதும். அதன் முள் மொத்தமும் சந்தோஷத்தில் சிலிர்த்துக்கொண்டது. அலுவலகத்தில் இருந்த எல்லோரும் மேசைக்கு அடியில் போய்விட்டார்கள்.

அன்றிலிருந்து எந்தப் பிரசவம் நடந்தாலும் ரஞ்சிதம் குட்டியை வயிற்றோடு ஒட்டிக்கொண்டு வந்து உட்காரும். பவளாயி வேலையைப் பார்க்கும். குட்டி தூங்கும். பதிவேட்டில் 'மேற்பார்வை திருப்தி' என்று எழுதப்படும். மாமியார் போகிற கிளையெல்லாம் "எங்க வீட்டுல டாக்டர் இருக்கு" என்று சொல்லிக்கொண்டு திரிந்தது. மூன்றாம் மாதமே ஆற்றங்கரைக் குரங்குகளிடமிருந்து ஒரு வரன் வந்தது. மாமியார், "மாப்பிள்ளைக்கு எத்தனை பாயிண்ட்?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டது.

ஆறாம் மாதம் குட்டியையே வகுப்பெடுக்க அழைத்தார்கள். பிரசவத்தை உள்ளே இருந்து பார்த்துவிட்டு உடனே பரீட்சையும் தேறிய நிபுணர் அந்தக் காட்டில் வேறு யாரும் இல்லை. குட்டி இரண்டு மணி நேரம் விரல் சூப்பிவிட்டுக் கடைசியில் ஓர் ஏப்பம் விட்டது. இவ்வளவு தெளிவான வகுப்பைக் கேட்டதே இல்லை என்று எல்லோரும் எழுதிக் கொடுத்தார்கள்.

நீதி: கைக்குத் தெரிந்த வேலைக்கு லைசென்ஸ் கிடையாது, முகத்துக்குத்தான் உண்டு. ஆகவே பிள்ளைகளே, பிறக்கும்போது கேமராவைப் பார்த்துப் பிறக்கவும்.

நீதியை எழுதிய பிறகும் எனக்கு மனம் ஆறவில்லை. பிரசவத்தைப் பற்றிப் பேச உனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால் நான் என்ன காட்டுவேன்? நமக்கு எதற்கு வம்பு என்று, குட்டி அடுத்து நடத்துகிற வகுப்புக்கு நானும் பெயர் கொடுத்துவிட்டேன். இப்போது பவுடர் போட்டுக்கொண்டு, முகத்தை நேராக வைத்து, போனுக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறேன். எல்லாக் கேள்விக்கும் 'இ' போடப் போகிறேன்.