சோப்பு சாரின் செய்முறை விளக்கம்

"மறுபடியுமா?" என்றார் சோப்பு சார்.

"மறுபடியும்தான். பாப்பாவுக்கு இன்னொரு ஜட்டி எடுத்துட்டு வாங்க," என்றாள் மனைவி குளியலறையிலிருந்து.

கை கழுவுவதைப் பற்றி மேடை மேடையாகப் பேசுவதே சாரின் உத்தியோகம். மைக்கைக் கொடுத்துவிட்டால் திரும்ப வாங்க இரண்டு ஆள் வேண்டும். அவருடைய நான்கு வயது மகளுக்குத்தான் மருந்து கொடுத்தால் நிற்பதும், நிறுத்தினால் போவதுமாக வயிற்றுப்போக்கு.

"குடல்ல பூச்சி சார். பாப்பா கை கழுவுறாளா?" என்றார் டாக்டர்.

"யாரைப் பார்த்து என்ன கேக்கறீங்க! உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, நகக்கண்ணு... எல்லாம் மனப்பாடம். என் ரத்தம் டாக்டர்!"

அப்படியானால் குற்றவாளி வெளியில்தான். தண்ணீர் வடிகட்டியை மாற்றினார். புதியது ஒழுகிச் சமையலறை குளமானது. வீட்டு வேலை செய்யும் அக்காவிடம் நகத்தைக் காட்டச் சொன்னார். "முதல்ல உங்களதைக் காட்டுங்க," என்ற அக்கா, துடைப்பத்தை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு நடையைக் கட்டினார். அதோடு மனைவியும் பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

கடைசியில் பாப்பாவின் மழலையர் பள்ளிமீது படையெடுத்தார். பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து, சலவைச் சட்டையின் கைமடிப்புகூடக் கலையாமல் செய்துகாட்டினார். அரங்கமே கைதட்டியது.

அடுத்த வாரம் பாதி வகுப்புக்கு வயிற்றால் போனது.

"என்ன டீச்சர் இது? நான் சொன்னதைக் காத்துல விட்டுட்டீங்களா?" என்று குதித்தார் சார்.

"ஐயோ, நீங்க பெரிய ஆபீசர். செஞ்சு காட்டினதுல இம்மிகூட மாத்தலை சார். நீங்களே பாருங்க."

சாப்பாட்டு மணி அடித்தது. பிள்ளைகள் மண் அப்பிய கையோடு குழாயடியில் வரிசை கட்டினார்கள். இளைத்துப்போன பாப்பாதான் தலைவி.

"விரலிடுக்கு!" என்று கத்தினாள். அத்தனை கைகளும் தாளம் தப்பாமல் தேய்த்தன.

"நகக்கண்ணு!" தேய்த்தன. சாருக்குப் பெருமையில் கண் கலங்கியது.

பாப்பா கையை உதறிவிட்டு நேராகச் சாப்பாட்டு டப்பாவுக்குள் விட்டாள்.

"ஏய் ஏய், இரும்மா! குழாயையே திறக்கலியே?"

பாப்பா அப்பாவைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"இதுக்கு எதுக்குப்பா தண்ணி? நீ மேடையில ஒருநாளாவது ஊத்தியிருக்கியா?"